விண்டோஸில் எழுதி லினக்ஸில் திறந்த தமிழ்

1990-களில் கணிப்பொறியில் தமிழ் எழுதியவர் யாரேனும் உங்கள் குடும்பத்தில் உண்டா? இருந்தால், அன்று எழுதியதை இன்று திறந்து படிக்க முடிகிறதா என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நன்றாகக் காத்துவந்த ஓலைச்சுவடி இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நிற்கும். கணிப்பொறியில் எழுதிய தமிழோ இருபத்தைந்து ஆண்டுகளிலேயே கைக்கெட்டாத இடத்துக்குப் போய்விடுவதுண்டு.

எனக்குப் பள்ளியில் இயற்பியல் கற்பித்த ஆசிரியர் சங்கரன்கோவிலில்தான் இருக்கிறார். 1997-ல் அவர் அச்சகம் ஒன்றிலிருந்து பழைய கணிப்பொறியை விலைக்கு வாங்கினார். அதனுடன் ஒரு தமிழ் எழுதுகருவியும் வந்தது. அதில்தான் பத்தாண்டுகளுக்கு மேலாக வினாத்தாள்களையும், செய்முறைக் குறிப்புகளையும், விடை விளக்கங்களையும் தட்டச்சு செய்து சேர்த்துவந்தார். தமிழ் வழியில் படிக்கும் மாணவருக்கு நல்ல கணக்குகள் கிடைப்பது அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் சேர்த்தவை சொந்தமாக யோசித்து எழுதிய கணக்குகள். சென்ற ஆண்டு அந்தக் கணிப்பொறி ஒரேயடியாக நின்றுபோயிற்று. அதன் வட்டை மட்டும் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு என் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

"தம்பி, இதுக்குள்ள இருக்கிறது வெளிய வருமா, வராதா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"பார்ப்போம் சார்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அப்போது நம்பிக்கை இல்லை.

வட்டிலிருந்த கோப்புகளைப் படியெடுப்பது எளிதாகவே முடிந்தது. அவற்றைத் திறப்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு கோப்பும் அந்த எழுதுகருவிக்கே உரிய தனி வடிவத்தில் இருந்தது. எழுதுகருவியின் நிரலும் வட்டிலேயே இருந்தபடியால், அதைப் புதிய விண்டோஸ் மடிக்கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தேன். இக்கணிப்பொறியில் இந்த நிரல் ஓடாது என்று பதில் வந்தது.

ஏன் ஓடவில்லை?

அந்த நிரல் 1992-ல் வெளிவந்த விண்டோஸ் 3.1 காலத்து நிரல். அக்காலத்து நிரல்கள் 16 பிட் நிரல்கள். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம். எண்களையும் நினைவக முகவரிகளையும் 16 இலக்கத் துண்டுகளாகக் கையாளும் முறையில் அவை எழுதப்பட்டன. 1995-க்குப் பின் 32 பிட் நிரல்கள் பெருகின. 2005-ல் சாதாரண மேசைக் கணிப்பொறிகளுக்கான 64 பிட் விண்டோஸ் வந்தபோது, 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதி அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 64 பிட் வடிவம் மட்டுமே உண்டு. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பழைய சுமையை எந்த வண்டிதான் எத்தனை நாளைக்கு இழுக்கும்?

என்னிடம் இன்னொரு மடிக்கணிப்பொறி இருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில் வந்த பொறிகளில் விண்டோஸும், சென்னையிலுள்ள சீடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பொறியை முடுக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோர் பாஸ் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நான் மட்டும் கல்லூரி நாட்களில் ஆர்வத்தால் அதில் லினக்ஸையே வைத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பழம்பொறியில் 'ஒயின்' என்னும் மென்பொருளை நிறுவி, ஆசிரியரின் எழுதுகருவியை ஓட்டினேன். இரண்டு விநாடியில் சாம்பல் நிறச் சாளரம் திறந்தது. 1998-ஆம் ஆண்டின் அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் தமிழில் கண்முன் நின்றது!

விண்டோஸுக்கென எழுதிய நிரல், விண்டோஸிலேயே ஓடாத நிரல், வேற்று அமைப்பாகிய லினக்ஸில் எப்படி ஓடியது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் முப்பது ஆண்டுக் கதை ஒன்று வெளிவருகிறது.

ஒயின் பிறந்த கதை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு நிரலில் இரண்டு வகை வேலைகள் உண்டு. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் போன்றவற்றை நேரே கணிப்பொறியின் மையச் செயலகம் செய்துவிடும். அது விண்டோஸ் பொறியிலும் லினக்ஸ் பொறியிலும் ஒன்றே. ஆனால் 'இந்தக் கோப்பைத் திற', 'இங்கே ஒரு சாளரம் வரை', 'இந்த எழுத்தைத் திரையில் காட்டு' என்பன போன்றவற்றை நிரல் தானே செய்வதில்லை. இயக்க அமைப்பிடம் விண்ணப்பம் போடுகிறது. விண்டோஸின் விண்ணப்பப் படிவம் வேறு, லினக்ஸின் படிவம் வேறு.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போய், அங்கே அரசு அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மலையாளம் எழுதத் தெரியாது. ஒரு வழி, அங்கேயே தமிழ்நாட்டு அலுவலகம் ஒன்றைக் கட்டடம், நாற்காலி, எழுத்தர் உட்பட முழுவதுமாக நிறுவிவிடுவது! கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறியையே நடித்துக்காட்டும் 'எமுலேட்டர்' செய்வது இதைத்தான். வேலை நடக்கும், ஆனால் செலவும் தாமதமும் அதிகம். இன்னொரு வழி, வாசலில் இருக்கும் மனு எழுதுபவரிடம் தமிழில் சொல்லி, மலையாளத்தில் எழுதி வாங்கிக்கொள்வது. ஒயின் அந்த மனு எழுதுபவர். நிரல் விண்டோஸ் பாணியில் கேட்பதை அவ்வப்போதே லினக்ஸ் பாணிக்கு மாற்றிக் கொடுக்கிறது. 'ஒயின் எமுலேட்டர் அன்று' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கோத்துத்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள்.

லினக்ஸின் கருவை லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991-ல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1993-ல், பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் இருவரும் ஒயினைத் தொடங்கினர். விண்டோஸ் 3.1 நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதே அன்றைய நோக்கம். 1994-ல் அலெக்சாண்டர் ஜூலியார் பொறுப்பை ஏற்றார். இன்றுவரை அவரே அதை நடத்திவருகிறார். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மூல நிரலில் ஒரு வரியையும் எடுத்தாளாமல், விண்டோஸ் வெளியே எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதித்துச் சோதித்து, அதே விடை தரும் புது நிரலை எழுதவேண்டும். ஒரு மூடிய பெட்டிக்குள் என்ன மின்சுற்று இருக்கிறது என்பதை, வெளியிலிருக்கும் இரு முனைகளில் மின்னழுத்தம் கொடுத்தே கண்டுபிடிக்கும் ஆய்வகப் பயிற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய பெட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால்? ஒயினின் 1.0 பதிப்பு 2008 ஜூன் 17 அன்றுதான் வெளிவந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு!

இடையில் எழுதுகருவி ஒன்றின் பொருட்டு ஒயினுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்து, கைநழுவியும் போயிற்று. கனடாவின் கோரல் நிறுவனம் வேர்டுபர்ஃபெக்ட் என்னும் புகழ்பெற்ற எழுதுகருவியின் சொந்தக்காரர். அதை லினக்ஸுக்காகத் தொடக்கத்திலிருந்து மறுபடி எழுதுவதற்குப் பதிலாக, விண்டோஸ் பதிப்பையே ஒயினின் துணைகொண்டு லினக்ஸில் ஓட வைத்து 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட் 13.5 கோடி டாலரைக் கோரலில் முதலீடு செய்தது. அடுத்த ஆண்டே கோரல் தன் லினக்ஸ் பிரிவை விற்றுவிட்டது. காரணம் இன்னதென்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, தேதிகளைச் சொன்னேன். கோரலின் ஆட்கள் ஒயினில் செய்த திருத்தங்கள் மட்டும் வீண்போகவில்லை. அவை பொதுச்சொத்தாக ஒயினிலேயே தங்கிவிட்டன. 2002-ல் கோட்வீவர்ஸ் என்னும் நிறுவனம் ஒயினைக்கொண்டு மைக்ரோசாப்ட் வேர்டையே லினக்ஸில் ஓட்டிக் காட்டியது.

எங்கள் ஊர்க் கோவிலின் தலபுராணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டனர். கோமதியம்மன் தவமிருக்க, ஒரே திருமேனியில் பாதி சிவமும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தந்தார். ஆடித்தபசு விழா அந்தத் தவத்தைக் குறிப்பது. அரசு மடிக்கணிப்பொறியில் இருந்தது தனித்தனிச் சந்நிதி போன்றது. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். ஒயின் ஓடும் லினக்ஸோ ஒரே திரையில் இரண்டும் நிற்கும் கோலம். விண்டோஸா லினக்ஸா என்று இன்னும் வாதிடும் சங்கன்களும் பதுமன்களும் எங்கள் கல்லூரியிலும் உண்டு!

தமிழின் தனிச் சிக்கல்

நிரல் ஓடிவிட்டது, ஆகவே வேலை முடிந்தது என்றுதான் நானும் எண்ணினேன். திரையில் தெரிந்த வினாத்தாளைத் தேர்ந்தெடுத்துப் படியெடுத்து, பக்கத்தில் திறந்திருந்த லினக்ஸ் எழுதுகருவியில் ஒட்டினேன். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக்களாகிய ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி ஆகியவை வந்து விழுந்தன.

இதற்குக் காரணம் அந்நாளைய தமிழ் எழுத்துருக்களின் அமைப்பு. கணிப்பொறி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை, எண்ணாகவே சேமிக்கிறது. அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் ஆங்கிலச் சிறிய 'கே' எழுத்துக்கு எண் 107. தமிழுக்கென்று எல்லாரும் ஏற்ற எண் வரிசை புழக்கத்தில் இல்லாத காலத்தில், நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எழுத்துருக் கோப்பில் 107-க்கு உரிய படத்தை அழித்து, அங்கே 'ம' என்னும் படத்தை வைத்தார்கள். கணிப்பொறியைப் பொறுத்தவரை அது இன்னமும் 'கே'தான். நம் கண்ணுக்கு மட்டும் 'ம'. ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு இவ்வகையைச் சேர்ந்தது. தட்டச்சுப் பயிலகத்தில் 'யளனகப' என்று தொடங்கிய விரல்கள் அதே விசைகளில் அதே எழுத்துக்களைப் பெறும்படி அது அமைந்திருந்தது. என் ஆசிரியரின் எழுதுகருவியும் இந்த வகைதான்.

அந்தத் தந்திரத்தை இகழ்ந்து பேச எனக்கு மனம் வராது. அது இல்லாமல் அன்று தமிழ் எழுதியிருக்க முடியாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலர் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்தார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கி, இலக்கிய நூல்கள் கணிப்பொறியில் ஏறலாயின. குறை என்னவென்றால், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசை வைத்திருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் பார்த்தால் புரியாத கோலமாகத் தெரியும்.

இதைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு எழுத்துக் குறியீட்டு முறைகளும் அதன் விளைவாகத் தமிழக அரசின் தரங்களாயின. விசைப்பலகை நிலைத்தது. குறியீட்டு முறைகள் பலவற்றுள் மேலும் இரண்டாகச் சேர்ந்துகொண்டன என்றே சொல்லவேண்டும். உண்மையான தீர்வு, உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் ஒதுக்கும் யூனிகோடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 'ம' என்பதன் எண் 2990. ஆங்கிலக் 'கே' தன் 107-லேயே இருக்கும், இரண்டும் மோதிக்கொள்ளா. ஆனால் யூனிகோடு தமிழைச் சரியாகத் திரையில் காட்டும் ஆற்றல் விண்டோஸுக்கு வந்தது விண்டோஸ் 2000 பதிப்பில்தான். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி.

இந்த இடைவெளியில்தான் அரசு அலுவலகங்களும் அச்சகங்களும் பழைய எழுத்துருக்களிலேயே மலைமலையாக எழுதிக் குவித்தன. லினக்ஸுக்கு மாறுவதில் தமிழ்நாடு அப்போது பின்தங்கியிருக்கவில்லை. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் அதன் மேலாண்மை இயக்குநர் சி. உமாசங்கரின் முயற்சியால் லினக்ஸுக்கு மாறியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் வருவது நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அரசுத் துறைகள் அறிவுறுத்தப்பட்டன. இயக்க அமைப்பை ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம். பழைய எழுத்துருவிலும் விண்டோஸ் எழுதுகருவியிலும் கட்டுண்டு கிடக்கும் கோப்புகளை என்ன செய்வது?

இங்கே புதிய தமிழ் எழுதுகருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2000-க்குப் பின் வந்த அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை விண்டோஸில் எந்த நிரலுக்குள்ளும் தமிழ் தட்டச்சு செய்ய உதவின. விசையை நீங்கள் அழுத்தியதும், அச்செய்தி உரிய நிரலைச் சென்றடையும் முன் இடைமறித்து, ஆங்கில எழுத்தைத் தமிழாக மாற்றி அனுப்புவது அவற்றின் வேலை. லினக்ஸுக்கு மாறிய பலர், பழகிய கருவியை விட மனமின்றி, அதை ஒயினில் ஓட்ட முயல்வதுண்டு. ஒயினுக்குள் திறந்த சாளரங்களில் அது வேலை செய்யக்கூடும். பக்கத்திலுள்ள லினக்ஸ் சாளரத்திலோ ஓர் எழுத்தும் தமிழாகாது. ஏனெனில் அந்த விசைச் செய்தி ஒயின் இருக்கும் பக்கமே வருவதில்லை. வாசலில் அமர்ந்த மனு எழுதுபவருக்கு அலுவலகத்தின் உள்ளறையில் என்ன அதிகாரம்? இப்படிப்பட்ட கருவிகளுக்காக நீங்கள் ஒயினைத் தேடவேண்டியதில்லை. ஐபஸ் என்னும் லினக்ஸ் உள்ளீட்டு அமைப்பில் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு முறை, தட்டச்சு முறை எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. விரல் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகலாம்.

எண்ணை எழுத்தாக்குதல்

என் ஆசிரியரின் கோப்புகளுக்குத் திரும்புவோம். ஒயின் அவற்றை வெளியே கொண்டுவந்துவிட்டது. ஆனால் வந்தவை தமிழின் படத்தைத் தாங்கிய ஆங்கில எண்கள். அவற்றை யூனிகோடாக மாற்றவேண்டும். 107 வந்தால் 2990, 106 வந்தால் 'த'வுக்குரிய 2980 என்று மாற்றிக்கொண்டே போனால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று எண்கள் இருக்கும். யூனிகோடில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி, ஆக இரண்டே எண்கள். ஆகவே மாற்றும் நிரல் முன்னும் பின்னும் பார்த்து, கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்து, காலோடு சேர்க்கவேண்டும். கொம்பும் காலும் தனித்தனியே பொருளுடையவை என்பதால், நீளமான சேர்க்கையை முதலில் தேடிவிட்டு, குறுகியதைப் பின்பு தேடவேண்டும். பைத்தான் மொழியிலுள்ள ஓப்பன் தமிழ் தொகுப்பில் இதற்கான நிரல்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றோடு ஆசிரியரின் எழுத்துருவுக்குத் தேவையான சில திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாக் கோப்புகளும் மாறின. அச்செடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தவர், சற்றே நிமிர்ந்து, "ஏப்பா, இது என்ன 5 மப?" என்றார்.

நானும் பார்த்தேன். "5 மப நிறையுள்ள பொருள் ஒன்று 20 உஅ உயரத்திலிருந்து" என்று அந்தக் கணக்கு தொடங்கியது. இயற்பியல் ஆசிரியர் அல்லவா, அலகுகளை மட்டும் அவர் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்திருந்தார். 'கே', 'ஜி' என்னும் 107, 103 ஆகிய எண்கள் உண்மையிலேயே கிலோகிராமைக் குறித்தன என்பது மாற்றும் நிரலுக்கு எப்படித் தெரியும்? அது கடமை தவறாமல் அவற்றையும் 'ம', 'ப' என்று ஆக்கிவிட்டது. சென்டிமீட்டர் 'உஅ' ஆயிற்று. அவர் எழுதிய காலத்தில் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியது எழுத்துருவின் பெயர் ஒன்றுதான். சாளரத்திலிருந்து படியெடுத்து ஒட்டியபோது அது உதிர்ந்துவிட்டது.

எண்ணுக்குப் பின்னால் வரும் 'மப'வைத் தேடிக் கிலோகிராமாக்குவது எளிதுதான். ஆனால் விநாடியைக் குறிக்கும் ஆங்கில எழுத்து வெறும் 'ள' ஆகிவிட்டது. அதை இயந்திரத்திடம் விட எனக்குத் துணிவு வரவில்லை. ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார். இப்போது வாரம் இருபது பக்கம் திருத்திக் கொடுக்கிறார். 2001-ஆம் ஆண்டின் காலாண்டுத் தேர்வு வரை வந்திருக்கிறோம்.